உப்பும் சாராயமும்



பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குச் செல்லும் பெருவழியிலே பயணஞ் செய்தோர், களப்பின் ஓரத்திலே பாத்தி பாத்தியாக விரிந்து வெயிலில் மின்னும் உப்பளங்களைக் கண்டிருப்பர். அங்கிருந்து தெற்கே திரும்பிச் சிலாபம், மாரவில, வென்னப்புவ என்று கடலோரமாக வந்தால் உப்பளம் மறைந்து தென்னை மிகும். அத்தென்னைகளுள் சிலவற்றின் முடிகளுக்கிடையே கயிறுகள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். கள் சீவுவோர் நிலத்தில் இறங்காமலே மரத்துக்கு மரம் அக்கயிறுகளின்மேல் நடந்து செல்வர். முதன்முறை காண்பவர்க்கு நெஞ்சு பதறும். பழகியவர்களோ நிமிர்ந்தும் பார்ப்பதில்லை.

உப்பும் கள்ளும் எமது புத்தளக் கரையோரத்தின் பழைய விளைபொருள்கள். கள்ளிலிருந்து வடிக்கப்படும் சாராயமும் உப்பும் ஒல்லாந்தர் காலந்தொட்டு அரசாங்கத்தின் திறைசேரியை நிரப்பி வந்தவை. இவ்விரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஒரு குடும்பம் உண்ணக்கூடிய உப்புக்கு ஓர் எல்லை இருக்கிறது. விற்பவன் எவ்வளவு முயன்றாலும் அவ்வெல்லைக்கு மேல் விற்க இயலாது. கூடினாற் கறி கரிக்கும், அவ்வளவே. சாராயத்துக்கு அந்த எல்லை இல்லை. இன்று அருந்தியது நாளை மேலும் அருந்தத் தூண்டுகிறது. ஆகவே சாராயத்தை விற்பவனுடைய இலாபத்துக்கும் இயற்கை ஓர் எல்லையை விதிக்கவில்லை. இன்றைய பேச்சின் பொருள் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது.

நம் நீதிநூல்கள் கள்ளைப்பற்றி நிறையப் பேசியுள்ளன. திருக்குறளிலே கள்ளுண்ணாமை என்னும் தொண்ணூற்று மூன்றாம் அதிகாரத்தைப் பல ஆண்டுகள் வகுப்பிலே படிப்பித்தவன் நான். படிப்பிக்குந்தோறும் ஓர் எண்ணம் எழும். நீதிநூல்கள் உண்பவனை அழைத்து அறிவுரை கூறுகின்றன. விற்பவனை அழைத்துக் கேள்வி கேட்பன அரிது. குடி என்பது குடிப்பவனுடைய குணக்கேடு என்றே நாம் எண்ணப் பழகிவிட்டோம். விற்பனைக்கும் ஒரு வரலாறு உண்டு.

தென்னம் பாளையைக் கட்டி, தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவினால் முட்டியிலே சாறு சொட்டும். முட்டியின் உட்புறத்திலே சுண்ணாம்பு பூசினால் அது புளிக்காத இனிய பதநீர். பூசாவிடின் காற்றிலுள்ள நொதியால் சில மணி நேரத்திலேயே பொங்கிக் கள்ளாகும். ஒரு நாளிலே அதன் மதுசாரம் நூற்றுக்கு நான்கு முதல் ஆறு பங்குவரை ஏறும். மேலும் வைத்திருந்தால் காடியாகிவிடும். கள் நெடுநாள் நில்லாத பொருள் என்பதை நேயர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். அதனை இறக்கிய ஊரிலேயே உண்ண வேண்டும். தொலைவுக்கு அனுப்பவோ, சேமித்துவைத்து விலையேறும்போது விற்கவோ வழியில்லை. ஆகையால் அதிலே பெரிய வாணிகம் வளர இடம் இருக்கவில்லை. வடிசாலையிலே கள்ளைக் காய்ச்சி வடித்துச் சாராயமாக்கிய பின்னரே அது பீப்பாயில் அடைத்து வைக்கக்கூடியதாயிற்று. வண்டியில் ஏறிற்று, கப்பலில் ஏறிற்று, கணக்கிலும் ஏறிற்று. வரி விதிப்போர் கண்ணிலே அது பட்டதும் அதன்பின்னரே.

1667ஆம் ஆண்டிலே கற்பிட்டிக் கோட்டையைக் கட்டத் தொடங்கிய ஒல்லாந்தர் வணிகராக வந்தவர்கள். எந்தப் பொருளிலே எவ்வளவு இறை பெறலாம் என்பதை அவர்கள் நன்கு அறிவர். சாராயம் விற்கும் உரிமையை ஏலத்திலே குத்தகைக்குக் கொடுக்கும் வழக்கத்தை அவர்கள் கையாண்டனர். 1796இல் கரையோரத்தைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், ஒல்லாந்தரின் பல வழக்கங்களை மாற்றினராயினும் இந்த வழக்கத்தை மாற்றவில்லை. 1844ஆம் ஆண்டின் பத்தாம் இலக்கக் கட்டளைச்சட்டத்தினாலே சாராயம், றம், கள் ஆகியவை பற்றிய விதிகளை ஒழுங்குபடுத்தி, குத்தகை முறையை மேலும் உறுதியாக்கினர்.

அம்முறை எவ்வாறு நடைபெற்றது என்பதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஒரு பகுதியிலே சாராயஞ் சில்லறையாக விற்கும் தனியுரிமை கச்சேரியில் ஏலம் கூறப்படும். கூடிய தொகைக்குக் கேட்டவருக்கு உரிமை கிடைக்கும். அவர் அத்தொகையை அரசாங்கத்துக்குத் தவணை தவணையாகக் கட்டவேண்டும். தாம் கட்டவேண்டிய தொகை முன்னரே நிச்சயிக்கப்பட்டுவிட்டமையால், அதற்கு மேலே விற்கும் ஒவ்வொரு கலனும் அவருக்கு இலாபம். ஆகவே கூடுதலான மக்கள், கூடுதலான நேரம், கூடுதலாகக் குடிக்கவேண்டும் என்பதே குத்தகைக்காரரின் நலன். கையிலே காசு இல்லாதவனுக்குக் கடனாகக் கொடுத்து அறுவடையில் நெல்லாக வாங்கும் வழக்கமும் இதனாலேயே வளர்ந்தது. ஏலத் தொகை கூடக்கூட அரசாங்கத்துக்கும் மகிழ்ச்சி. விற்பவனும் திறைசேரியும் இவ்வாறு ஒரே பக்கத்தில் நின்றனர். மறுபக்கத்திலே நின்றவன் குடிப்பவன் மாத்திரமல்லன். அவனுடைய மனைவியும் மக்களுமே நின்றனர். அவர்களுக்கு ஏலத்திலே குரல் இல்லை.

மலைநாட்டிலே கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலத்தில் இவ்வாணிகம் மிகவும் கொழுத்தது. தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் தொழிலாளர் கூலி பெற்றுத் திரும்பும் வழியிலே தவறணைகள் எழுந்தன. தென்மேற்குக் கரையிலே களுத்துறை, பாணந்துறைப் பகுதிகளின் வடிசாலைகளிலிருந்து பீப்பாய்கள் மலையேறின. இக்குத்தகையாற் பெற்ற செல்வம் பின்னர் தோட்டங்களாகவும், நகரத்து மாளிகைகளாகவும், பிள்ளைகளின் சீமைப் படிப்பாகவும் மாறியது. இந்நாட்டு முதலாளி வகுப்பின் தோற்றத்தைப்பற்றிக் குமாரி ஜயவர்த்தன அவர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி நூலிலே, சாராயக் குத்தகைக்கு அதில் இருந்த பங்கு தெளிவாக விளக்கப்பட்டுள்ளது.

1904ஆம் ஆண்டளவில் தென்மேற்கிலே மதுவிலக்கு இயக்கம் எழுந்தது. 1912ஆம் ஆண்டின் எட்டாம் இலக்க மதுவரிக் கட்டளைச்சட்டத்தை ஒட்டி அது நாடெங்கும் பரவியது. பழைய குத்தகை முறையின் தீமைகளைக் களைவதே தனது நோக்கம் என்று அரசாங்கம் கூறியது. சாராயத்தையும் கள்ளையும் வெவ்வேறாகப் பிரித்துக் கள்ளுக்கெனத் தனித் தவறணைகளைத் திறக்கவும் ஏற்பாடாயிற்று. மக்கள் கண்டதோ, முன்பு கடையில்லாத ஊர்களிலும் கடை வருவதையே. எவ். ஆர். சேனாநாயக்க, டி. எஸ். சேனாநாயக்க, டி. பி. ஜயதிலக்க முதலியோர் அரசியலில் மக்கள் முன் நின்றது இவ்வியக்கத்தின் மேடைகளிலேதான். 1915ஆம் ஆண்டின் கலவரத்தையடுத்து அரசாங்கம் இவர்களைச் சிறையிலிட்டது என்பதை நேயர்கள் அறிவர். அவ்வியக்கத்துக்குக் கைகொடுத்த குடும்பங்களிற் சிலவற்றின் செல்வத்திலே சாராயப் பணமும் கலந்திருந்தது என்பது நம் வரலாற்றின் விநோதங்களுள் ஒன்று. அதனை எண்ணி நகைப்பதா, மனம் மாறிய குடும்பங்கள் என்று பாராட்டுவதா என்று நான் இன்னும் தீர்மானிக்கவில்லை.

பின்னர் உள்ளூர் வாக்கெடுப்பு என்றொரு முறை வந்தது. ஊரவர் வாக்களித்துத் தமது ஊர்த் தவறணையை மூடிவிடலாம். வடக்கிலும் தெற்கிலும் பல தவறணைகள் இவ்வாறு மூடப்பட்டன. விற்பனையைப்பற்றிய முடிவு, பணம் பெறுவோர் கையிலிருந்து துன்பப்படுவோர் கைக்கு வந்த காலம் என்று இதனைச் சொல்லலாம். நம் பாடப் புத்தகங்களிலே இது போதிய இடம் பெறவில்லை என்பது என் குறை.

பாக்கு நீரிணைக்கு அப்பாலும் சிறிது நோக்குவோம். உப்பையும் சாராயத்தையும் ஒருங்கே நினைக்கவைக்கும் ஒருவர் அங்கே இருந்தார். 1930ஆம் ஆண்டிலே திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியக் கடற்கரைக்குத் தொண்டர்களை அழைத்துச் சென்று, வரி கொடாது உப்பு அள்ளிச் சிறை சென்றவர் இராஜாஜி. அவரே 1937இல் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராகிச் சேலம் மாவட்டத்திலே மதுவிலக்கைக் கொண்டுவந்தார். மதுவை விலக்கினால் திறைசேரியில் விழும் குழியை நிரப்புவது எவ்வாறு? அதற்காகவே 1939இல் விற்பனை வரி என்னும் புதிய வரியை விதித்தார். பின்னாளிலே நடந்தது யாது? 1971இல் தமிழ்நாட்டிலே மதுவிலக்கு தளர்த்தப்பட்டது, பின்னர் மீண்டும் வந்தது, மீண்டும் நீங்கியது. 2003இல் சில்லறை விற்பனை முழுவதையும் அரசு நிறுவனமே ஏற்றது. மதுவுக்கு ஈடாக வந்த விற்பனை வரியோ இடையில் நீங்கவே இல்லை. திறைசேரி ஒருமுறை ருசி கண்ட வருமானத்தை எளிதிலே கைவிடுவதில்லை.

எமது நாட்டுக்கு மீள்வோம். 1974ஆம் ஆண்டில் அரசாங்க வடிசாலைக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. 1989இல் அது பொதுக் கம்பனியாக மாற்றப்பட்டு, 1992இல் தனியார் கைக்குச் சென்றது. இதற்கிடையே சாராயத்தின் இயல்பும் மாறிவிட்டது. கரும்பாலைகளிலே சீனிக்குப்பின் எஞ்சும் பாகிலிருந்து வடிக்கப்பட்ட மதுசாரமே மலிவான சாராயத்திற் பெரும்பங்காயிற்று; தென்னஞ் சாராயம் அதிலே மணத்துக்காகச் சேரும் சிறுபங்கு ஆயிற்று. கயிற்றின்மேல் நடக்கும் தொழிலாளியின் கையை நம்பியிராத மதுவுக்கு உற்பத்தியிலும் எல்லை இல்லாமற் போயிற்று. கள் சீவுவோரை இக்கதையின் குற்றவாளிகளாக எவரேனும் கருதுவாராயின் அது பிழை. உயிரைப் பணயம் வைத்து உழைக்கும் அவர்களுக்குக் கிடைப்பது இவ்வாணிகத்தின் மிகச் சிறிய பங்கே.

தனியார் வாணிகத்தோடு விளம்பரக் கலையும் வந்தது. விளையாட்டுப் போட்டிகளிலும் இசை விழாக்களிலும் மதுவின் பெயர் ஒளிர்ந்தது. 2006ஆம் ஆண்டின் இருபத்தேழாம் இலக்கச் சட்டம் புகையிலைக்கும் மதுசாரத்துக்கும் ஒரு தேசிய அதிகாரசபையை அமைத்து, மது விளம்பரத்தைத் தடுத்து, இருபத்தொரு வயதுக்குட்பட்டோருக்கு விற்பதையும் குற்றமாக்கியது. வளர்முக நாடுகளுள் இது முன்மாதிரியான சட்டம் என்பதை மறுக்க முடியாது. கதவு அடைபட்டதும் வாணிகம் யன்னலைத் தேடும். "பொறுப்புடன் அருந்துங்கள்" என்னும் வாசகத்தை உலகெங்கும் பரப்புவோர் மது நிறுவனத்தாரே. கேட்பதற்கு நீதிநூல் போலவே இருக்கிறது. சற்று ஆராய்ந்தால், கேடு முழுவதும் அருந்துபவனுடைய பொறுப்பு, விற்பவனுக்கு அதிற் பங்கில்லை என்பதே அதன் உட்பொருள். நாம் வகுப்பறையில் வளர்த்த பழக்கத்தை அவர்கள் கடையில் அறுவடை செய்கிறார்கள்.

ஆபிரிக்காவில் நடந்த ஒன்றை இங்கே கூறலாம். லெசோத்தோ, மலாவி, உகண்டா, பொட்சுவானா ஆகிய நான்கு நாடுகளின் தேசிய மதுக்கொள்கை வரைவுகளை நோர்வே நாட்டவர் இருவர் ஒப்பிட்டு, 2010ஆம் ஆண்டிலே ஓர் ஆய்விதழில் எழுதினர். நான்கு வரைவுகளும் அமைப்பிலும் சொல்லிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. மூலப்படி, அந்நாளிலே உலகின் பெரிய மதுபான நிறுவனங்களுள் ஒன்றாயிருந்த சாப்மில்லரின் அலுவலர் ஒருவரது கணினியிலிருந்து வந்ததென்பதையும் அவர்கள் காட்டினர். மக்களின் சுகத்தைக் காக்கும் கொள்கையை மது விற்பவரே எழுதிக்கொடுத்திருந்தனர். விலையேற்றுதல், விற்பனை நேரத்தைக் குறைத்தல், விளம்பரத்தைத் தடுத்தல் என்னும் பயனுள்ள வழிகள் அவ்வரைவுகளிலே வலுவிழந்து, அறிவூட்டலும் தொழிலாரின் தன்னொழுங்கும் முன்னே நின்றன.

சுகாதாரத்தைப்பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. அது வைத்தியர்களின் துறை. மதுசாரம் புற்றுநோயை விளைவிக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 1988இலேயே வகைப்படுத்திவிட்டது. 2019ஆம் ஆண்டிலே உலகில் 26 இலட்சம் மரணங்களுக்கு அது காரணமாயிற்று என்று அந்நிறுவனம் 2024இல் அறிவித்தது. எமது நாட்டிலே பெண்களில் மிகப்பெரும்பாலோர் மதுவைத் தொடுவதே இல்லை. ஆண்களிலும் அருந்தாதோரே அதிகம். இதனைக் கேட்டு நாம் பெருமைப்படுவோம். வணிகர் கண்ணுக்கோ அது இன்னும் திறக்கப்படாத சந்தை.

இனி, எவரும் எழுப்பும் வாதம் ஒன்று உண்டு. அனுமதி பெற்ற கடையை மூடினால் அல்லது வரியை உயர்த்தினால் கசிப்புப் பெருகும் என்பதே அது. இதிலே உண்மையில்லை என்று நான் சொல்லமாட்டேன். எமது களப்பின் கண்டற் காடுகளிலே கோடாப் பீப்பாய்கள் அகப்படுவதும், சீனியும் ஈஸ்டும் கொண்டு கண்டபடி காய்ச்சப்படுவதும் யாவரும் அறிந்தவை. கள்ளச் சாராயத்திலே மெதனோல் கலந்தால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூனில் தமிழ்நாட்டுக் கள்ளக்குறிச்சியிலே அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது கண்டோம். ஆயினும் தமிழ்நாட்டிலே அப்போது அரசுக் கடைகள் ஊர்தோறும் திறந்தே இருந்தன என்பதை மறக்கலாகாது. கடை இருந்தும் கள்ளச் சாராயம் இருந்தது. வறியவனுக்குக் குடிப்பழக்கத்தைக் கொடுப்பது அனுமதி பெற்ற போத்தல். அப்போத்தலின் விலை எட்டாதபோது அவன் செல்லுமிடம் கசிப்புக் கொட்டில். இரண்டையும் பகைவர்கள் என்று சொல்வதிலும், ஒரே வழியில் அமைந்த இரண்டு மடங்கள் என்பதே பொருந்தும்.

திறைசேரியின் உறவு இன்றும் அறவில்லை. 2021 செப்டெம்பரிலே பெருந்தொற்றினால் நாடு முடங்கி, பாடசாலைகள் யாவும் பூட்டியிருந்த நாட்களில் மதுக்கடைகள் திறக்கப்பட்டன. வீதி நீளத்துக்கு வரிசைகள் நின்றன. 2024ஆம் ஆண்டிலே மாத்திரம் முந்நூறுக்கும் மேற்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்டிருந்தமை அவ்வாண்டு டிசெம்பரில் பாராளுமன்றத்திலே வெளிப்படுத்தப்பட்டது. கச்சேரி ஏலம் போய்விட்டது. அனுமதிப்பத்திரம் அதனிடத்தில் வந்திருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நான் கடமையாற்றிய கரையோர ஊரொன்றிலே நிகழ்ந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அது கரைவலை இழுக்கும் ஊர். மீன் பட்ட நாளிலே பங்கு மாலையிலேயே காசாகக் கைக்கு வந்துவிடும். படாத நாட்களில் சம்மாட்டியிடம் முற்பணம். அங்கே மதுக்கடை ஒன்று திறப்பதற்கு விண்ணப்பம் வந்து, ஆட்சேபணைகள் கேட்கப்பட்டன. கோயில் தருமகர்த்தாவும், பங்குக் குருவும், பள்ளிவாசல் நிருவாகத்தினரும் ஒரே தாளிலே கையொப்பமிட்டனர். மற்றைய விடயங்களில் இம்மூவரும் ஒரு தாளில் ஒப்பமிட்டதை நான் கண்டதில்லை. அவர்களுக்குக் கீழே பெண்களின் ஒப்பங்கள் ஆறு பக்கம் வரை சென்றன. பெருவிரல் அடையாளங்களும் பல. ஒரு தாய் மாத்திரம் ஒப்பமிடத் தயங்கி நின்றார். அவருடைய மகன் எட்டாம் வகுப்பிலே எம்மிடம் படித்தான். "பேரை எழுதினால் அவர் பார்த்துவிடுவார், சேர்" என்றார். பெயரில்லாமற் பெருவிரலை மட்டும் பதித்துச் சென்றார். அத்தகைய அடையாளம் செல்லாது என்று எனக்குத் தெரியும். ஆயினும் நான் தடுக்கவில்லை.

அளப்பதற்கு அலுவலர்கள் வந்தனர். பாடசாலையின் முன்வாயிலிலிருந்து பெருவீதி வழியாக நாடா பிடித்தனர். எமது பிள்ளைகள் அவ்வழியாக வருவதில்லை; கடற்கரை மணலைக் குறுக்கே கடந்து பின்வாயிலால் வருவர். அதனை எடுத்துக் கூறினேன். அலுவலர்களுள் மூத்தவர் பண்பானவர். பொறுமையோடு கேட்டுவிட்டு, "கசிப்பைவிட இது பரவாயில்லைத்தானே, அதிபர்?" என்றார். வீதி வழியாக அளந்த அளவு விதிக்குப் போதுமானதாகவே இருந்தது.

அவ்வாண்டு அனுமதி கொடுபடவில்லை. மனுவினாலா, வேறு காரணத்தாலா என்பது எமக்கு அறிவிக்கப்படவில்லை. மறுவருடம் அதே காணிக்கு வேறொரு பெயரிலே விண்ணப்பம் வந்தது என்று பின்னர் கேள்வியுற்றேன். அப்போது நான் மாற்றலாகி வேறு பாடசாலைக்குச் சென்றிருந்தேன். பழைய மனுவின் பிரதி அங்குள்ள அலுமாரியிலே இருக்கிறது என்று புதிய அதிபருக்குக் கடிதம் எழுதினேன்.